வீட்டோரத்து மரத்தை எடுக்க ஆள் ஏறலாமா, கிரேன் வேண்டுமா?

கூரை மேல் சாய்ந்து நிற்கும் தென்னை, மாட்டுக் கொட்டகைக்கு மேல் கிளை பரப்பிய பழைய புளி, காற்றடித்தால் மின்கம்பியை உரசும் வேம்பு. இப்படிப்பட்ட மரத்தை எடுக்க வேண்டி வரும்போது நாம் முதலில் கேட்பது செலவு எவ்வளவு என்பதைத்தான். மரம் ஏறுபவரை அழைத்தால் கூலியோடு முடிந்துவிடும். கிரேன் வந்தால் வாடகை கூடும். ஆனால் கூலி பேசும் முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மரம் ஓர் ஆளின் எடையையும், மேலே வெட்டும்போது வரும் அதிர்வையும் தாங்குமா என்பதே அது.

ஆள் மேலே போகத்தான் வேண்டுமா?

மரம் விழும் பக்கத்தில், மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு வீடு, கம்பி, பாதை எதுவும் இல்லை என்றால் தரையில் நின்றே வெட்டிச் சாய்க்கலாம். விழ வேண்டிய பக்கம் முக்கோணமாக வாய் வெட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று உயரத்தில் பின்வெட்டு போட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை மரத்தை வெட்டாமல் விடுங்கள். கதவுக்குக் கீல் போல, அதுதான் மரத்தைத் திசை மாறாமல் படுக்க வைக்கும்.

இடம் இல்லாதபோதுதான் ஏறுவதா, கிரேனா என்ற கேள்வி வருகிறது.

ஆளை ஏற்றக் கூடாத மரங்கள்

ஏறும் முன் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அதில் ஆளை ஏற்ற வேண்டாம்.

• தென்னையில் துளைகள், அவற்றிலிருந்து மென்று துப்பிய நார், பழுப்புச் சாறு வடிதல். இது சிவப்புக் கூன்வண்டின் அடையாளம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கூடாகி இருக்கும்.
• தென்னையின் அடிப்பகுதியில் செம்பழுப்புச் சாறு வடிதல். தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகல் நோயாக இருக்கலாம். இதில் வேரும் அழுகியிருக்கும்.
• அடிமரத்தில் காளான், பொந்து, அல்லது கோடரியின் பின்பக்கத்தால் தட்டினால் 'தொம் தொம்' என்று வெற்றுச் சத்தம்.
• இடி விழுந்த மரம், நெடுநாள் பட்டுப்போன மரம், மேலிருந்து கீழாகப் பிளவு ஓடிய மரம்.
• புயலில் அசைந்த மரம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது நினைவிருக்கும். அப்படி ஒரு காற்றுக்குப் பிறகு நிமிர்ந்து நிற்கும் மரத்திலும் ஒரு பக்க வேர் அறுந்திருக்கலாம். அடியில் மண் வெடித்து மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏறி வெட்டுவது எப்போது சரி?

மரம் திடமாக இருந்து, வண்டி நுழைய முடியாத சந்திலோ கொல்லைப்புறத்திலோ நின்றால், அனுபவமுள்ள ஆள் ஏறி வெட்டுவதே பொருத்தம். தென்னையில் முதலில் காயையும் மட்டையையும் கழிக்க வேண்டும். அடுத்து கொண்டை. அதன் பிறகு தண்டைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். ஓர் அடி குறுக்களவுள்ள பச்சை மரத்தில் 3 அடித் துண்டே 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். அதனால் துண்டைக் கையால் பிடிக்க நினைக்கக் கூடாது. கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றைக் கீழே பக்கத்து மரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தளர்த்தி இறக்க வேண்டும்.

ஆளின் இடுப்புப் பட்டைக் கயிறு வேறு, துண்டு இறக்கும் கயிறு வேறு. இரண்டும் ஒன்றானால் துண்டு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மழை பெய்து பட்டை வழுக்கும்போதும், காற்று வீசும்போதும் வேலையை ஒத்திப்போடுங்கள்.

கிரேன், லிஃப்ட் வைத்தால்

தெருவிளக்கு மாற்றுவது போன்ற கூடை வண்டியில், வெட்டுபவர் மரத்தின் மீது சாயாமல் நிற்கிறார். அதனால் உளுத்த மரத்துக்கு இதுவே வழி. அவருடைய பெல்ட் கூடையோடுதான் மாட்டியிருக்க வேண்டும், மரத்தோடு அல்ல. ஜேசிபி வாளியில் ஆளைத் தூக்கி வெட்டச் சொல்லாதீர்கள். அது மண் அள்ளும் வாளி, அதில் பிடிமானம் இல்லை.

10 டன் கிரேன் என்றால் எங்கும் 10 டன் தூக்கும் என்று நினைக்க வேண்டாம். கை நீள நீளத் தூக்கும் திறன் குறையும். வீட்டைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருந்தால் துண்டுகள் சிறிதாக இருக்க வேண்டும். வண்டியின் கால்கள் ஊன்றும் இடமும் முக்கியம். ஈர வயல், கிணற்றோரம், கழிவுநீர்த் தொட்டியின் மூடி ஆகியவற்றின் மேல் கால் ஊன்றினால் வண்டியே கவிழும். கெட்டியான தரையிலும் கனமான பலகை போட்டு ஊன்றச் சொல்லுங்கள்.

மின்கம்பி அருகே

ஏறினாலும் லிஃப்ட் வைத்தாலும் மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடங்குங்கள். பச்சை மட்டையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். கிரேனின் இரும்புக் கையைச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக

தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. உங்கள் தோப்பில் ஏறுபவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர உதவுங்கள்.

"இதெல்லாம் ஒன்றும் ஆகாதுண்ணே, ஏறிடலாம்" என்று அவர் சொல்லலாம். அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலையில் சொல்வது அது. மரம் சரியில்லை என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவரே தயங்கினால் கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று வற்புறுத்தாதீர்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் எடுக்க வேண்டிய மரம் இருந்தால், ஒரே நாளில் கிரேனை வரவழைத்து வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். பெரிதாகத் தெரிந்த செலவு அப்போது கைக்கு அடக்கமாகிவிடும்.