வழியில் நின்ற எரிபொருள்

போனக்காட்டு மலையிலிருந்து திருவனந்தபுரம் செல்வோர் விதுராவைக் கடந்து நெடுமங்காடு வழியே இறங்குவர். நெடுமங்காட்டை அடுத்துள்ள வலியமலையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் திரவ உந்துமுறை மையம் இருக்கிறது. இராக்கெட்டினுள் எரிபொருள் எவ்வாறு ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்று ஆராய்வது அம்மையத்தின் தொழில். ஓய்ந்துபோன தேயிலைத் தொழிற்சாலையையும் பழைய லயங்களையும் விட்டு வேலை தேடி இறங்கும் நம் பிள்ளைகள் அவ்வழியே போய் வருகின்றனர். ஆயினும் அங்கு நடப்பது யாதென அறிந்தோர் நம்மில் சிலரே.

இதனை எழுதத் தூண்டியது ஒரு விளையாட்டு. விடுமுறைக்குப் போனக்காட்டு லயத்து வீட்டுக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் கணினியில் விண்கலம் கட்டி ஆடிக்கொண்டிருந்தான். விளையாட்டின் பெயர் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. மெக்சிகோ நாட்டின் ஸ்குவாட் நிறுவனத்தார் 2011-ல் முதன்முதலாக வெளியிட்டு, 2015-ல் முழுமை செய்தது. தொட்டி, எஞ்சின், குழாய், காலியான தொட்டியைக் கழற்றிவிடும் பிரிப்பான் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, கலத்தைத் தானே அமைத்து ஏவ வேண்டும். அம்மாணவன் கட்டிய கலத்தில் பக்கத் தொட்டிகள் நிறைந்திருக்க, நடு எஞ்சின் அணைந்துவிட்டது.

“மாமா, இது விளையாட்டைச் செய்தவர்களின் பிழை, என் கலத்தில் குறை இல்லை” என்றான். அவன் அன்னையாரோ, “இது சோறு போடுமா?” என்று அடுக்களையிலிருந்து கேட்டார். இரண்டும் நியாயமான பேச்சே. முதலாவதைச் சோதிக்க வழியுண்டு.

“தம்பி, இரண்டு தொட்டியும் ஒரு குழாயும் ஓர் எஞ்சினும் மட்டும் வைத்துச் சிறியதொரு கலம் கட்டிப் பார்” என்றோம். அதிலும் அதே கோளாறு தோன்றினால் குற்றம் விளையாட்டினுடையது. தோன்றாவிடில் குற்றம் கலத்தினுடையது. சிறு கலம் செவ்வனே எரிந்தது. அதன்பின் பெரிய கலத்தின் தொட்டிகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, எது குறைகிறது, எது குறையாமல் நிற்கிறது என்று பார்த்தோம். அவ்விளையாட்டில் குழாய் ஒருவழிப் பாதை. எத்தொட்டியிலிருந்து தொடங்கி எத்தொட்டியில் முடித்தோமோ, அத்திசையில் மட்டுமே ஓட்டம். பிரிப்பானோ, நாம் அனுமதித்தாலன்றி எரிபொருளைத் தன்னூடே விடாது. எரிபொருளும் அதனை எரிக்கும் ஆக்சிகரணியும் 9-க்கு 11 என்னும் விகிதத்தில் செலவாகும். இரண்டில் ஒன்று தீர்ந்தாலும் எஞ்சின் அணையும். இவ்வாறு தேடிச் செல்கையில், ஒரு குழாயின் முனை நடுத் தொட்டியைத் தொடாமல், இடையிலிருந்த பிரிப்பானில் பொருந்தியிருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தொட்டியைத் தொட்டது போலவே தோன்றியது. எரிபொருள் பிரிப்பான் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

புகைவண்டி நிலையத்தில் எழுத்துவேலை பார்க்கும் நமக்கு இது புதிதன்று. எஞ்சினில் பிரேக் பைப்பின் காற்றழுத்தம் 5 கிலோ காட்ட, கடைசிப் பெட்டியில் கார்டிடம் உள்ள மானியில் அது ஏறாமல் நிற்பதுண்டு. அப்போது எஞ்சினையும் கடைசிப் பெட்டியையும் யாரும் கழற்றுவதில்லை. பெட்டி பெட்டியாய் நடந்து, காற்றுச் சீறும் ஒலி கேட்கிறதா, இணைப்புக் குழாயின் திறப்பு எங்கேனும் மூடிக் கிடக்கிறதா என்று பார்ப்பர்.

இனி மெய்யான இராக்கெட்டுக்கு வருவோம். ஜி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க −253 பாகைக் குளிர் வேண்டும்; ஆக்சிஜனுக்கு −183 பாகை. ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே ஒரு சிறு பம்பு உண்டு. அது எஞ்சினின் பெரிய பம்புக்கு எரிபொருளைத் தள்ளிக் கொடுக்கும். தொட்டியில் அழுத்தம் குறைந்தால் அக்குளிர்த் திரவம் ஆவியாகிக் குமிழியிடும். குமிழியை இறைத்துப் பம்பு என்ன செய்யும்?

2010 ஏப்ரல் 15 அன்று, நம் நாட்டிலேயே செய்த அவ்வடுக்கு முதன்முறை பறந்தது. அந்தச் சிறு பம்பு சுழலத் தொடங்கி, வேகம் பிடித்து, உடனே தளர்ந்து நின்றுவிட்டது. ஹைட்ரஜன் வரவில்லை, செயற்கைக்கோள் கடலில் வீழ்ந்தது. பம்பையே திருத்தியமைத்தனர். 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கிட்டியது.

பின்னர் 2021 ஆகஸ்டு 12. விடியற்காலை 5.43-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 எழும்பிற்று. முதல் இரண்டு அடுக்குகளும் குறையின்றி எரிந்தன. ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் மூன்றாம் அடுக்கு எரிய வேண்டிய தருணம் வந்தது. எஞ்சினுக்குப் போதிய ஹைட்ரஜன் கிடைக்கவில்லை. சென்ற முறை குற்றவாளியாயிருந்த அதே சிறு பம்புதான் இம்முறையும் பிசகியது. பழைய வழக்கை வைத்து அதன்மீதே தீர்ப்பெழுத யாருக்கும் தோன்றும். ஆய்வுக் குழுவினர் அவ்வாறு நிற்கவில்லை. பறக்கும்போது வந்து சேர்ந்த அளவீடுகளைப் பின்னோக்கிப் படித்துச் சென்றனர். எஞ்சின் பற்றவைக்கும் முன்னரே, இராக்கெட்டு தரையை விட்டெழுந்தது முதலே, ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றுவதற்கென்று வைத்த வால்வு ஒன்று கசிந்திருக்கிறது. அதன் மென்மையான அடைப்பு வளையம் பழுதுற்றிருக்கலாம் என்பதே மிகுந்த சாத்தியம் உள்ள காரணமாகக் கண்டனர். வால்வு இயங்குகையில் அப்பழுது நேர்ந்திருக்கலாம்; தூசு புகுந்தோ, கடுங்குளிரில் பொருத்துமிடத்தில் ஏற்பட்ட இறுக்கத்தாலோ நேர்ந்திருக்கலாம். ஊகத்தோடு விடாமல், கணினியில் அந்நிலையை உருவாக்கிப் பார்த்தும், தரையில் பலமுறை சோதித்தும் அதனை உறுதிசெய்தனர். முடிவு 2022 மார்ச்சில் வெளியாயிற்று. பம்பு இம்முறை குற்றமற்றது.

அன்று இழந்தது இ.ஓ.எஸ்.-03 என்னும் 2268 கிலோ எடையுள்ள கோள். வானில் ஒரே இடத்தில் நிற்பது போல நின்று, புயலையும் வெள்ளத்தையும் அடிக்கடி படமெடுத்து அனுப்பவேண்டியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கரையையும் திருவனந்தபுரக் கரையையும் உலுக்கியதை நம் குடும்பங்கள் மறந்திருக்க இயலாது. வால்வின் ஒரு வளையம் நமக்குத் தொடர்பற்ற பொருள் என்று எண்ணுவதற்கில்லை.

பரிகாரமாக வால்வையும் அதனைச் சார்ந்த குழாய்களையும் வலுப்படுத்துமாறும், எஞ்சினைத் தொடக்குமுன் தொட்டியில் வேண்டிய அழுத்தத்தை ஏற்றித் தரும் ஏற்பாடு செய்யுமாறும் குழுவினர் கூறினர். அவ்வடுக்கின் அளவீடுகள் மேலும் சிலவற்றைத் தானியங்கி முறையில் கண்காணித்த பிறகே இராக்கெட்டை விடவேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதே. 2023 மே 29 அன்று காலை 10.42-க்கு எழுந்த எஃப்-12, 2232 கிலோ எடையுள்ள வழிகாட்டுக் கோளை உரிய பாதையில் சேர்த்தது.

அத்தோல்வியின்போதும் அதன்பின்னும் வலியமலை மையத்தின் இயக்குநராயிருந்தவர் வி. நாராயணன். குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர். குளிர்த்திரவ எஞ்சின்களில் தேர்ந்தவர். 2025 ஜனவரியில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவரானார். இத்துறையின் எஞ்சின்களைச் சோதிக்கும் இடமும் நமக்கு அயலன்று. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில், நம் அகத்தியமலைக்குத் தெற்கே அதே மலைத்தொடரில் உள்ளது.

அன்னையார் கேட்ட கேள்விக்கும் விடை கூற வேண்டுமல்லவா? 2007-ல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் வலியமலையிலேயே நடந்து வருகிறது. அங்கே பி.டெக். சேர விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று, ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு ஆகிய இரு தேர்வுகளையும் எழுத வேண்டும். மாணவர் சேர்க்கை அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசைப்படி நடைபெறும்.