குறுக்குத்துறைப் படியும் கரும்பொருளும்

தாமிரபரணி தெளிஞ்சு ஓடுற நாள்ல குறுக்குத்துறையில் இறங்கிப் பாருங்க. அடுத்த படி பக்கத்துல இருக்கிற மாதிரி தெரியும்; காலை வைத்தால் இன்னும் கீழே கிடக்கும். தண்ணீர் ஒளியைத் திருப்பிவிடுகிற வேலை அது.

கரும்பொருளையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். (அங்கே ஒளியைத் திருப்புவது ஈர்ப்பு, அது மட்டும்தான் வித்தியாசம்.) கோயம்புத்தூரில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன் பல வருடங்களாகச் செய்வது இந்த வேலைதான். ஒரு கேலக்ஸிக் கூட்டத்தின் நிறையில் 80 சதவீதத்துக்கு மேல் கரும்பொருள். ஒளி விடாது, மறைக்கவும் செய்யாது. ஆனால் அதன் ஈர்ப்பால், பின்னால் இருக்கும் கேலக்ஸி வில் மாதிரி நீண்டு தெரியும். சில சமயம் ஒன்றே மூன்று நான்கு இடத்தில் தெரியும். எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு அளந்தா, எங்கே எவ்வளவு நிறைன்னு வரைபடமே போட்டுடலாம்.

அப்படிப் போட்ட வரைபடம்தான் 2020-ல் சிக்கலைக் கிளப்பியது. மாசிமோ மெனெகெட்டியும் இவரும் இருந்த குழு, கேலக்ஸிக் கூட்டங்களின் ஹப்பிள் படங்களைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டது. கூட்டத்துக்குள் தனித்தனிக் கேலக்ஸிகளைச் சுற்றியிருக்கும் சின்னக் கரும்பொருள் கட்டிகள், மாதிரிகளில் வருவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒளியை வளைக்கின்றன. அப்போ அந்தக் கட்டிகள் நாம நினைச்சதைவிட இறுக்கமா இருக்கணும்.

மாதிரிகளின் நுணுக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று சிலர் மறுத்தார்கள். கரும்பொருள் துகள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றனவோ என்று வேறு சிலர் கேட்கிறார்கள். எனக்கு முதல் கட்சி மேல்தான் கொஞ்சம் சாய்வு. ஆனாலும் பத்து மடங்குங்கிறது லேசில் தள்ளிவிடுற வித்தியாசம் இல்லையே.