பிரிண்டர் கெடவில்லை, விலாசம் மாறிவிட்டது!

மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு. முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஹால் டிக்கெட்டை அச்சடிக்க உட்கார்ந்தாள். "அப்பா, பிரிண்டர் ஆப்லைன்னு சொல்லுது" என்றாள். போய்ப் பார்த்தேன். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. வை-பி விளக்கும் எரிகிறது. லேப்டாப்பில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் அச்சு மட்டும் வரவில்லை. தெருமுனை பிரவுசிங் சென்டரும் மூடியாகிவிட்டது.

பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். பிரிண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். முக்கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். காரணம் என்னவென்று தெரிந்த பிறகு, சரி செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு சாதனத்திற்கும் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. இதைத் தருவது ரௌட்டர். 1993ல் வரையறுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்னும் முறைப்படி, கேட்கும் சாதனத்திற்குக் காலியாக உள்ள ஓர் எண்ணைக் கொடுக்கும். இது சொந்த வீடு அல்ல, வாடகை வீடு மாதிரி. குறிப்பிட்ட காலத்திற்கு மட்டுமே அந்த எண் அந்தச் சாதனத்திற்குச் சொந்தம். அன்று மாலை எங்கள் பகுதியில் மின்சாரம் போய் வந்தது. ரௌட்டர், டிவி, பிரிண்டர் மூன்றும் புதிதாகத் தொடங்கியபோது, பிரிண்டரின் பழைய எண் டிவிக்குப் போய்விட்டது. லேப்டாப்போ பழைய விலாசத்திற்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தது!

இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. முதலில் பிரிண்டரிலேயே அதன் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடியுங்கள். சிறு திரை இருந்தால் நெட்வொர்க் மெனுவில் இதற்கான வழி இருக்கும். இல்லையென்றால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இந்தப் பக்கம் அச்சாகி வந்தாலே பிரிண்டர் நலமாக உள்ளது என்று பொருள். அதில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். எங்களுடையதில் 192.168.1.9 என்று இருந்தது. 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. வை-பி பாஸ்வேர்டை மீண்டும் கொடுத்து இணைக்க வேண்டும்.

2. கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் அழுத்தி, cmd என்பதற்கான சி.எம்.டி. எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்புத் திரையில் ஐ.பி.கான்பிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் கம்ப்யூட்டரின் முகவரி தெரியும். பொதுவாக வீடுகளில் இரண்டு முகவரிகளிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் உள்ளன. விருந்தினருக்கான கெஸ்ட் வை-பியில் ஒன்று மாட்டியிருக்கலாம். அங்கிருந்து பொதுவாகப் பிரிண்டரை எட்ட முடியாது.

3. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று சென்று உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கவும். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் டேபைக் கிளிக் செய்திடவும். டிக் செய்யப்பட்ட வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். எங்களுடையதில் 192.168.1.6 என்று இருந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது!

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் இந்தப் பழைய எண்ணுக்குத்தான் முதலில் பிங் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். பதில் வந்தது. "இணைப்பு சரிதான்" என்று நம்பி ஏமாந்தேன். பதில் சொன்னது டிவி! எனவே பிரிண்டர் அச்சடித்துத் தந்த எண்ணுக்கே பிங் செய்யுங்கள்.

நிரந்தரத் தீர்வு

லேப்டாப்பில் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த மின்தடையில் மீண்டும் இதே கதைதான். எனவே முதலில் ரௌட்டரில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பிரவுசரில் ரௌட்டரின் முகவரியைக் கொடுத்து உள்ளே செல்லவும். ஐ.பி.கான்பிக் காட்டும் டிபால்ட் கேட்வே என்பதே அந்த முகவரி. டி.எச்.சி.பி. பிரிவில் அட்ரஸ் ரிசர்வேஷன் அல்லது அதுபோன்ற பெயர் இருக்கும். அங்கே பிரிண்டரின் மேக் முகவரியையும், ஒதுக்க விரும்பும் எண்ணையும் தரவும். மேக் முகவரி என்பது அந்த விவரப் பக்கத்திலேயே உள்ள 12 இலக்க அடையாளம். நான் 192.168.1.50 கொடுத்தேன். சேவ் செய்து, பிரிண்டரை அணைத்துப் போடவும்.

பிறகு போர்ட்ஸ் டேபில் ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட், நியூ போர்ட் என்று சென்று புதிய எண்ணைக் கொடுக்கவும். வீட்டில் வேறு கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவற்றிலும் இதைச் செய்திட வேண்டும்.

ஆனால் அதற்கு முன் பிரிண்ட் கியூவைத் திறந்து, காத்திருக்கும் வேலைகளை நீக்கிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். இணைப்பு சரியானதும் ஹால் டிக்கெட் ஒன்றல்ல, பதினொன்று வந்து விழுந்தது. "போதும்ப்பா!" என்று மகள் சிரித்தாள். அவள் பயம் போனதே எனக்குப் பெரிய நிம்மதி.

இன்று எங்கள் பிரிண்டரின் மேல் ஒரு சிறு தாளில் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். பக்கத்து டிராயரில் யு.எஸ்.பி. கேபிள் ஒன்றும் இருக்கிறது. அவசரத்திற்கு அதைச் செருகி அச்சடித்துக்கொள்ளலாம். நீங்களும் தேர்வு நாளுக்கு முன்பே இவ்விரண்டையும் செய்து வையுங்கள்.