ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைக்கு அடுத்த வாசல் எது?



நமது அறக்கட்டளையின் உபகாரச் சம்பள நிதிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும் பொறுப்பை ஆலய நிர்வாகக் குழு அடியேனிடம் ஒப்படைத்திருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்சிலிருந்தும் பங்சாரிலிருந்தும் வருகிறார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வருகிற பிள்ளைகளும் உண்டு. அரசாங்கப் பள்ளி, தனியார் பள்ளி என்று இரண்டிலும் படித்தவர்கள். "அடுத்து என்னப்பா செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் டாக்டர், வக்கீல், இன்ஜினியர் என்று சிலர் சட்டென்று சொல்வார்கள். பலர் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பார்கள். "தெரியல சார்" என்று உண்மையைச் சொல்கிற பிள்ளையை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்க முடியும்.

1978இல் நான் எம்.சி.இ. எழுதியபோது வழிகள் குறைவு. ரயில்வேயில் கிராணி வேலை, ஆசிரியர் பயிற்சி, தோட்ட அலுவலகம், கொஞ்சம் பேருக்கு ஆறாம் படிவம். இன்று வழிகள் பல. ஆனால் ஒவ்வொரு வாசலும் திறக்கிற நாள் ஒன்று, மூடுகிற நாள் ஒன்று. அந்த நாள்களை அறியாததால் நல்ல பிள்ளைகள் வெளியே நின்றுவிடுகிறார்கள். ஆகவே இவ்வாண்டு மலரில் அவ்வழிகளைப் பற்றி விளக்கமாக எழுதலாம் என்று எண்ணினேன்.

முதலில் சான்றிதழைப் பற்றி. எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ வாங்கினாலும், மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே கிடைக்காது. வரலாறு இந்த நிபந்தனையில் சேர்ந்தது 2013ஆம் ஆண்டில். கணிதத்திற்கும் அறிவியலுக்கும் டியூஷன் அனுப்புகிற பெற்றோர் வரலாற்றைக் கதைப் புத்தகம்போல் நினைத்து விட்டுவிடுகிறார்கள். பட்டப்படிப்புக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் மலாய்மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும். தனியார் பள்ளிகளில், குறிப்பாக ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்திருப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அப்பிள்ளை எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளைத் தனியாக எழுதி கிரெடிட் பெறாவிட்டால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பக்கமே போக முடியாது. அரசாங்க வேலைக்கும் அந்தத் தாள் வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற பிள்ளை என்ற பெருமை அந்தக் கவுண்டரில் செல்லாது.

அடுத்தது காலம். 2024ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். முடிவுகள் 2025 ஏப்ரல் 24ஆம் தேதி வெளிவந்தன. ஆனால் மெட்ரிகுலேஷனுக்கும், யு.பி.யு. எனப்படும் பல்கலைக்கழக விண்ணப்பத்திற்கும் முடிவுகள் வருவதற்கு முன்பே வாசல் திறந்துவிடுகிறது. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று இருந்தவர்கள் பின்தங்கிப் போகிறார்கள். தேர்வு முடிந்த பையன் அதற்குள் கிள்ளான் துறைமுகப் பக்கம் கிடங்கு வேலைக்கோ, மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கோ போய்விடுகிறான். மாதக் கடைசியில் கையில் காசு. அந்தக் காசின் ருசியைக் கண்டவனை மறுபடி வகுப்பறைக்கு அழைத்து வருவது எளிதல்ல. வீட்டில் கஷ்டம் இருக்கும்போது அவனைக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை.

இனி மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா என்ற கேள்வி. என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சு நடத்துவது. பெரும்பாலோருக்கு இரண்டு தவணை, ஓராண்டில் முடிந்துவிடும். தங்குமிடமும் படிப்பணமும் உண்டு. நமக்கு அருகில் பந்திங்கில் சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்பது நெடுங்கால ஏற்பாடு. 2024 ஜூன் மாதத்தில் பிரதமர், எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற எல்லா இனத்து மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று அறிவித்தார். அந்தக் கணக்கில் ஏ மைனஸ் சேராது என்பதைப் பல பெற்றோர் பிறகுதான் அறிந்தார்கள். ஆக, எட்டு ஏ, ஒன்பது ஏ வாங்கிய நம் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

கிடைக்காதபோது வீடே துக்க வீடாகிவிடுகிறது. ஏன் என்றுதான் எனக்கு விளங்குவதில்லை. ஆறாம் படிவம் இருக்கிறதே! ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. 2012 முதல் எஸ்.டி.பி.எம். இந்த முறையில்தான் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தேர்வில் கொட்டித் தீர்க்க வேண்டிய பழைய பயம் இப்போது இல்லை. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுதலாம். அரசாங்கப் பள்ளியிலேயே படிப்பதால் செலவு மிகக் குறைவு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அந்தச் சான்றிதழை ஏற்கின்றன. தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம். அந்த வழியாக மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கிவரும் இந்திய ஆய்வியல் துறைக்குப் போய், இன்று ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் இருப்பவர்கள் நம்மிடையே பலர். பல்கலைக்கழகத் தேர்வில் 90 விழுக்காடு படிப்புக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் என்பதால், பள்ளியில் சாரணர் இயக்கத்திலும் விளையாட்டிலும் பெற்ற சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துப் பிறகு தேடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பத்து ஏ வாங்காதவர்கள்தான் நம் சமுதாயத்தில் பெரும்பாலோர். அவர்களைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. மூன்று பாடங்களில் கிரெடிட் வாங்கிய பையனுக்குப் போலிடெக்னிக் இருக்கிறது. 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார்தான் நாட்டின் முதலாவது. நமக்கு அருகில் ஷா ஆலமில் ஒன்று உண்டு. அங்கே டிப்ளோமா முடித்துவிட்டு, பத்து பஹாட்டில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். சுற்றுவழிதான், ஆனால் நடுவில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அதற்கும் குறைவான மதிப்பெண் என்றால் சமூகக் கல்லூரிகள், மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள், காஜாங் பக்கம் 1991இல் அமைந்த ஜெர்மன்-மலேசியக் கழகம் என்று தொழிற்கல்வி இடங்கள் உள்ளன. அவற்றின் நிபந்தனைகள் வேறுபடும், கேட்டறிய வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று படிகள் கொண்டது; நான்காம் படி டிப்ளோமா, ஐந்தாம் படி உயர்நிலை டிப்ளோமா. இதற்கென்று தனிக் கடனுதவி நிதியும் உண்டு. வெல்டிங், குளிர்சாதனம், மின்சாரம் என்றதும் "கைவேலையா?" என்று முகம் சுளிக்கிற பெற்றோரே, உங்கள் வீட்டு ஏர்கோன் பழுதானால் எத்தனை நாள் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

டாக்டர், வக்கீல் ஆசைக்கும் ஒரு வார்த்தை. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் நியமிக்கிறது. நிரந்தர வேலை தானாக வந்துவிடாது. வீட்டை அடகு வைத்து மருத்துவம் படிக்க வைப்பதற்குமுன் அந்தக் கணக்கையும் போட வேண்டும். இங்கிலாந்துச் சட்டப் பட்டத்தைத் தனியார் கல்லூரி வழியாகப் படிப்பவர்கள், நம் நாட்டில் வழக்கறிஞராக சி.எல்.பி. என்ற கடினமான தேர்வையும் தாண்ட வேண்டும்.

தனியார் கல்லூரிகளில் நல்லவை பல உண்டு. ஆனால் எதிலும் பணம் கட்டுமுன், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2007 முதல் இயங்கும் இந்த அமைப்பின் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரிக்கு உரிமம் இருந்தாலும் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். கிள்ளானைச் சேர்ந்த ஒரு தாயார் நகையை அடகு வைத்து மகளுக்கு முதல் தவணைக் கட்டணம் கட்டிவிட்டார். பிறகுதான் அப்படிப்புக்கு அங்கீகாரம் இல்லை, ஆகவே பி.டி.பி.டி.என். கடனும் இல்லை என்று தெரிந்தது. கல்லூரியின் பெயர் இங்கு வேண்டாம். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அந்தப் பெண் மறு ஆண்டு ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள்.

பண உதவிக்கு வருவோம். 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். 1984இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. கடனுதவி வழங்கி வந்திருக்கிறது; கெடா செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அதன் முயற்சியே. 1982 முதல் ஸ்ரீ முருகன் நிலையம் குறைந்த செலவில் வகுப்புகள் நடத்தி வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆக, படிப்புக்குக் கடன் வாங்க வழி உண்டு. வழியில்லாதது ஓர் இடத்தில்தான்: கடிதம் வந்த நாளுக்கும் கடன் பணம் கைக்கு வருகிற நாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மெத்தை, வாளி, பேருந்து டிக்கெட், ஒரு பழைய மடிக்கணினி. சில நூறு வெள்ளிக்காகத்தான் பிள்ளைகள் பதிவு நாளில் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே நன்கொடையாளர்களிடம் என் சொந்தக் கருத்தாக ஒன்றைச் சொல்கிறேன். நிர்வாகக் குழுவில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நவராத்திரி மேடையில் சிறந்த மாணவருக்குக் கேடயமும் பொன்னாடையும் கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேறு பல மேடைகளும் காத்திருக்கின்றன. போலிடெக்னிக்கிற்குப் போகிற, தந்தையில்லாத பையனின் பதிவுச் செலவை ஏற்க நாம்தான் இருக்கிறோம். ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலை முருகன் சன்னதியையும் நமக்குத் தந்த தம்புசாமிப் பிள்ளை, 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களிலும் ஒருவராக நின்றார். கோயிலுக்குக் கொடுத்த அதே கை பள்ளிக்கும் கொடுத்தது.

இம்முறை முடிவுகள் வெளியான வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மூன்றாம் படிவத்திலிருந்து உள்ள பள்ளி அறிக்கைகள், பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொண்டு வரவும். பிறப்புச் சான்றிதழிலோ குடியுரிமையிலோ சிக்கல் உள்ள பிள்ளைகள் தேர்வு முடிவுக்காகக் காத்திராமல் இப்போதே வரவும். அது முடிய மாதங்கள் பிடிக்கும்.