புல்வெளி நடுவே ஒரு பள்ளிவாசல்



அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ராஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 100 பேர்கூட இல்லை. ஆனால் அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல்களில் ஒன்று எழுந்தது அந்த ஊரில்தான். அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்பவருக்கு அமெரிக்க அரசு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கி வந்தது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்று உஸ்மானியப் பேரரசில் இருந்த சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் ராஸ் பக்கம் வந்து சேர்ந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, மரம் அரிது, குளிர்காலத்தில் எல்லாம் பனியில் உறைந்துவிடும். அந்த மண்ணை உழுதுதான் அவர்கள் பிழைத்தார்கள்.

பள்ளிவாசல் இல்லாத காலத்தில் வீடுகளில் கூடித் தொழுதார்கள். 1929-இல் தாங்களே ஒரு பள்ளியைக் கட்டினார்கள். மினாரா கிடையாது. பாதிக் கட்டடம் நிலத்துக்குக் கீழேயே இருந்தது. அருகிலேயே மையவாடி.

அதன்பின் வந்தன பொருளாதார மந்தமும் 1930-களின் வறட்சியும். விளைச்சல் பொய்த்தது, பலர் ஊரைவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தார்கள். பலர் பிற சமயத்தாரை மணந்தார்கள். தொழ வருவோர் குறைந்துகொண்டே போக, பள்ளி பாழடைந்தது. 1979-இல் அதை இடித்துவிட்டார்கள். மையவாடி மட்டும் மிஞ்சியது. அதன் வாயிலில் பிறை இன்றும் நிற்கிறது.

அந்தச் சமூகத்தில் வந்த ஒரு மூதாட்டி, மீண்டும் அங்கே ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்பினார். அவர் மறைந்தபின், 2005-இல், அதே இடத்தில் குவிமாடத்தோடு ஒரு சின்னஞ்சிறு பள்ளி எழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

வறுமையிலும் பள்ளி கட்டிய மக்கள் அவர்கள். பணம் இல்லாததால் அந்தப் பள்ளி மூடப்படவில்லை. உள்ளே வந்து தொழ ஆளில்லாமல் போனதால்தான் மூடப்பட்டது. நம் பள்ளிக்கு வண்ணம் பூசவும் விரிப்பு வாங்கவும் தாராளமாகத் தருகிறோம். மாலையில் நம் பிள்ளைகள் மக்தபுக்குப் போகிறார்களா என்பதையும் அதே அக்கறையோடு கவனிப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.