வில்லன்கள் முதலில் தோன்றிய இதழ்கள்: சேகரிப்பும் செலவுக் கணக்கும்

அஞ்சல்தலை, பழங்காசு, கைக்கடிகாரம் முதலியவற்றைச் சேகரிப்போரை நாம் நன்கு அறிவோம். அமெரிக்காவின் பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இதழ்களும் அவ்வரிசையில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 1940ஆம் ஆண்டு 10 சென்ட் விலையில் வெளிவந்த ‘பேட்மேன்’ முதல் இதழின் பிரதி ஒன்று, 2021 ஜனவரியில் 22 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பேட்மேன் அதற்கு முந்தைய ஆண்டே வேறோர் இதழில் அறிமுகமாகிவிட்டார். 1940 இதழின் மதிப்பில் பெரும்பங்கு, அதில் முதன்முதலாகத் தோன்றிய ஜோக்கருக்கும் கேட்வுமனுக்கும் உரியது.

அந்த இதழின் முடிவில் ஜோக்கர் இறந்துவிடுவதாகவே முதலில் எழுதப்பட்டிருந்தது. இவ்வளவு நல்ல வில்லனை இழக்கலாகாது என்று கருதிய பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், அவன் உயிர்பிழைத்தான் என்பதைக் காட்டும் ஒரு படத்தைக் கடைசி நேரத்தில் சேர்க்கச் செய்தார். அந்த ஒரு கட்டத்தால் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜோக்கர் வாழ்ந்து வருகிறான்.

தமிழ் வாசகர்களுக்கும் இவ்வீர்ப்பு புதிதன்று. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் தோன்றிய தொடக்கக் கதையில் குற்றம் புரிபவராகவே இருந்தார்.

எவை முக்கிய இதழ்கள்?

ஒரு பாத்திரம் முதன்முதலாகத் தோன்றும் இதழைச் சேகரிப்போர் ‘கீ இதழ்’ என்பர். சூப்பர்மேனின் பகைவன் லெக்ஸ் லூதர் 1940இல் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ 23ஆம் இதழிலும், பென்குயின் 1941இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 58ஆம் இதழிலும் அறிமுகமாயினர். மார்வெல் நிறுவனத்தின் டாக்டர் டூம் 1962இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 5ஆம் இதழிலும், மேக்னீட்டோ 1963இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழிலும், கிரீன் காப்ளின் 1964இல் ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 14ஆம் இதழிலும் தோன்றினர்.

முதல் தோற்றம் எது என்பதிலும் நுணுக்கம் உண்டு. வெனம் என்னும் வில்லன், 1988இல் ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 299ஆம் இதழின் இறுதியில் சற்றே தலைகாட்டி, 300ஆம் இதழில் முழுமையாக வருகிறான். சந்தை 300ஆம் இதழுக்கே உயர்ந்த மதிப்பைத் தருகிறது.

விலையை முடிவு செய்பவை

முதலாவது, அருமை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழைய காகிதம் திரட்டும் இயக்கங்களில் எண்ணற்ற இதழ்கள் கூழாகிப் போயின. எஞ்சியவையும் சிறுவர் கைகளில் கிழிந்தன. ஆகவே 1940களின் நல்ல பிரதிகள் மிகச் சிலவே.

இரண்டாவது, நிலை. 2000ஆம் ஆண்டு முதல் செயல்படும் சிஜிசி என்னும் தரமதிப்பீட்டு நிறுவனம், இதழை ஆராய்ந்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. ஒரே இதழின் 9.4 பிரதிக்கும் 4.0 பிரதிக்கும் இடையே விலை பன்மடங்கு வேறுபடும். கிழிசலை ஒட்டியோ மங்கிய இடத்தில் வண்ணம் தீட்டியோ சீர்செய்யப்பட்ட பிரதிகள் பொதுவாகக் குறைந்த விலைக்கே போகும்.

மூன்றாவது, தேவை. தானோஸ் அறிமுகமான ‘அயர்ன் மேன்’ 55ஆம் இதழ் 1973இல் 20 சென்டுக்கு விற்றது. 2012இல் ‘அவெஞ்சர்ஸ்’ திரைப்படத்தின் இறுதியில் தானோஸ் முகம் காட்டியபின் அவ்விதழைத் தேடுவோர் பெருகினர், விலையும் ஏறிற்று. ஆனால் திரைப்படத்தின் பரபரப்பால் ஏறும் விலை, அப்பரபரப்பு தணிந்ததும் இறங்கக்கூடும்.

1990களின் பாடம்

பழைய இதழ்கள் பெருந்தொகைக்கு விற்பதைக் கண்டு, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பலர் புதிய இதழ்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தனர். 1991இல் வெளிவந்த புதிய ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு எங்கிருந்து அருமை வரும்? அவற்றின் சாதாரணப் பிரதிகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. சந்தை சரிந்தபோது கடைகள் பல மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்பை நாட நேர்ந்தது.

வாங்குமுன்

போலியிலும் மறுபதிப்பிலும் விழிப்பு தேவை. 1970களில் டிசி நிறுவனம் ‘ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற பெயரில் பழைய முதல் இதழ்களைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதன் வெளியட்டையை நீக்கிவிட்டு, அசல் என்று விற்றவர்கள் உண்டு. அளவை ஒப்பிட்டாலே உண்மை விளங்கும். உறையிட்ட இதழாயின், அதன் சான்றிதழ் எண்ணைச் சிஜிசி இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

ஏலத்தில் கேட்ட தொகையே இறுதி விலை ஆகாது. ஏல நிறுவனத்தின் கட்டணம், அயல்நாட்டுச் செலாவணி மாற்றுக் கட்டணம், அஞ்சல், காப்பீடு, விதிக்கப்படுமாயின் சுங்கத் தீர்வை ஆகிய அனைத்தையும் கூட்டியே கணக்கிடல் வேண்டும். இதழ் வட்டி தராது, பங்காதாயமும் தராது, அவசரத்துக்கு அன்றே விற்றுப் பணமாக்கவும் இயலாது. ஆதலால் அவசரகால நிதி, காப்பீடு, பிள்ளைகளின் கல்விக்கான சேமிப்பு ஆகியன போக எஞ்சும் தொகையிலேயே இவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்வது நலம். கடன் வாங்கிச் சேகரித்தலை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

காப்பதும் கையளிப்பதும்

பழைய செய்தித்தாள் காகிதம் அமிலத்தன்மை உடையது. வெயிலும் ஈரமும் பட்டால் விரைவில் பழுத்து நொறுங்கும். அமிலமற்ற அட்டையும் மைலார் உறையும் இட்டு, ஈரமற்ற நிழலான இடத்தில் நிறுத்தி வைத்தல் நன்று.

வங்கி லாக்கரில் வைக்க விரும்புவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரையிலேயே அமையும். ஆண்டு வாடகை ரூ.3,000 என்றால் உச்சவரம்பு ரூ.3 இலட்சம். உள்ளிருக்கும் பொருளை வங்கி காப்பீடு செய்வதில்லை. விலைமிக்க இதழ்களுக்குத் தனிக் காப்பீடு கிடைக்குமா என முன்னதாகவே விசாரித்தல் அவசியம்.

இறுதியாக, குடும்பத்தாருக்குத் தெரிவியுங்கள். இதழின் பெயர், எண், வாங்கிய நாள், விலை, ரசீது, சான்றிதழ் எண் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, உயிலிலும் அதைக் குறிப்பிடுங்கள். விற்று இலாபம் கிடைப்பின் வரி குறித்துத் தணிக்கையாளரைக் கேளுங்கள். இப்பட்டியல் இல்லாத வீட்டில், பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த இதழ்கள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடக்கூடும். ஒரு தாளில் எழுதி லாக்கர் சாவியோடு வைத்துவிட்டால், அச்சேகரிப்பு அடுத்த தலைமுறையைச் சேதமின்றிச் சென்றடையும்.