பாட்டுக்கு ஓர் எண், பதிவுக்கு ஓர் எண்

நேயர்களே, ஒரு பாடலைப் பலர் பாடலாம். குரல் மாறும், ஆக்கியோர் மாறார். அவர்களுக்குரிய ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது?

சுவீடனின் ‘அபா’ குழுவினர் 1976இல் வெளியிட்ட ‘டான்சிங் குவீன்’ பாடலை எடுத்துக்கொள்வோம். ஆக்கங்களுக்கான ‘ஐ.எஸ்.டபிள்யூ.சீ.’ எண்களில் முதலாவது 1995இல் இதற்கே வழங்கப்பட்டது. ‘ரி’ என்ற எழுத்தும் 10 இலக்கங்களும் கொண்டது அது. 2008இல் ‘மம்மா மீயா’ திரைப்படத்தில் மெரில் ஸ்ட்ரீப் முதலியோர் அதனைப் பாடினர். ஆக்கம் பழையது, ஆகவே அந்த எண்ணே நிலைக்கும். ஒலிப்பதிவு புதிது, அதற்கு 12 இடங்கள் கொண்ட ‘ஐ.எஸ்.ஆர்.சீ.’ குறியீடு வேறாக உண்டு.

பதிவின் குறியீடு ஆக்கத்தின் எண்ணோடு இணைக்கப்படாவிடில், பாடியவர் அறியப்படுவார். எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேரவேண்டியது சேராது போகலாம். வானொலியில் பாடலாசிரியர் பெயரைச் சொல்லாது விடுவதும் இத்தகைய இழப்பே.